சுவர் தள்ளிப் போனால் கார் ஏன் வேகமாக ஓடியது?

மாணவர்களே, சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ரோபோட்டிக் கழகத்தில் மூன்றாம் படிவ மாணவர்கள் ஒரு சிறிய கார் செய்தார்கள். ஓர் அர்டுயினோ ஊனோ பலகை, இரண்டு மோட்டார்கள், முன்னால் உள்ள சுவரின் தூரத்தை அளக்கும் மீயொலி உணரி, அவ்வளவுதான். கார் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். சுவர் நெருங்கினால் நிற்க வேண்டும். ஆனால் சுவர் தூரத்தில் இருந்தால் கார் வேகமாக ஓடியது, நெருங்க நெருங்க மெதுவாக ஊர்ந்தது. "டீச்சர், இது தானாவே யோசிக்குது!" என்றாள் ஒரு மாணவி.

போட்டிக்கு நான்கு நாள்களே இருந்தன. மின்கலத்தை மாற்றினோம், கம்பிகளை மாற்றினோம், பயனில்லை. நிரலில் தேடினால், ஓடும்போது வேகத்தை மாற்றும் வரி ஒன்றுகூட இல்லை!

ஊனோ பலகையில் மாறிகளை வைக்கும் நினைவகம் வெறும் 2048 பைட். 4 ஜிபி நினைவகம் கொண்ட கைப்பேசியில் இதைப்போல் 2 மில்லியன் மடங்குக்கும் மேல் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் அஞ்சல் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். நினைவகமும் அப்படித்தான், ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண் உண்டு. அதுவே அதன் முகவரி.

தூரத்தின் 10 அளவுகளைச் சேமிக்க நாங்கள் ஓர் அணி வைத்திருந்தோம். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் கடைசி இடம் 9. எங்கள் மடக்கோ 10 வரை ஓடியது. அந்தப் பதினோராவது அளவு எங்கே போனது? முகவரிகளைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தோம். அணி 300-இல் தொடங்கியது. ஊனோவில் ஒரு முழு எண்ணுக்கு 2 பைட் தேவை, பத்துக்கு 20. ஆகவே அணி 319-இல் முடிகிறது. வேகம் என்ற மாறி இருந்த இடம் 320! சுவரின் தூரம் பக்கத்து வீட்டுப் பெட்டியில் விழுந்து வேகமாக மாறிவிட்டது. சி மொழியில் நிரல் ஓடும்போது இதைத் தடுக்க யாரும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. இடையில் ஒரு மாணவன் சோதனைக்காகப் புதிய மாறி ஒன்றைச் சேர்த்தான். உடனே கார் ஒழுங்காக ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள். உண்மையில் பிழை போகவில்லை. தவறான எண் இப்போது வேகத்தின்மேல் விழாமல் அந்தப் புதிய மாறியின்மேல் விழுந்தது.

மாறி கெட்டால் கார் தடுமாறும். 'அடுக்கு' கெட்டால் நிரலே வழிதவறும். ஒரு செயற்கூறு இன்னொன்றை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் திரும்ப வேண்டிய முகவரி, சிற்றுண்டிச்சாலைத் தட்டுகளைப்போல் அடுக்கில் வைக்கப்படும். ஊனோவில் அடுக்கு நினைவகத்தின் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி வளரும். மாறிகள் கீழே இருக்கும். இரண்டும் மோதினால் திரும்பும் முகவரி அழிந்து, செயலி எங்கேயோ தாவும். பலகை அடிக்கடி தானாக மறுதொடக்கம் ஆனால் மின்கலத்தை மட்டும் சந்தேகிக்காதீர்கள். நிரலைத் தொகுத்ததும் அடியில் தோன்றும் செய்தியைப் படியுங்கள். மாறிகள் எத்தனை பைட் பிடித்தன என்று அதில் இருக்கும்.

இதே பிழையை ஒருவர் வேண்டுமென்றே பயன்படுத்தியதும் உண்டு. 1988 நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்க மாணவர் ராபர்ட் மோரிஸ் ஒரு புழு நிரலை இணையத்தில் விட்டார். அது பரவிய வழிகளில் ஒன்று, 512 பைட் இடமிருந்த ஒரு நிரலுக்கு 536 பைட் அனுப்பியது. மிகுந்தவை அடுக்கில் வழிந்து, திரும்பும் முகவரியையே மாற்றின. ஆயிரக்கணக்கான கணினிகள் முடங்கின. அளவு பார்க்காமல் வரியைப் படித்து அதற்கு இடம் கொடுத்த செயற்கூறு 2011-இல்தான் சி மொழித் தரத்திலிருந்து நீக்கப்பட்டது.

இப்போது பல தொகுப்பிகள் திரும்பும் முகவரிக்கு முன்னால் ஓர் இரகசிய எண்ணை வைக்கின்றன. அது மாறியிருந்தால் நிரலை உடனே நிறுத்திவிடும். நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சு வாயுவை அறியக் கூண்டில் கொண்டு சென்ற கேனரிப் பறவையின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். நாங்களும் அணியை அடுத்து ஒரு மாறியை வைத்து, அதில் 1234 என்று எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் சரிபார்த்தோம். மடக்கில் 'குறைவு அல்லது சமம்' என்றிருந்ததை 'குறைவு' என்று மாற்றிய பிறகு அந்த 1234 மாறவே இல்லை.

போட்டியில் கார் ஒரே சீராக ஓடியது. இரண்டாம் சுற்றில் சக்கரம் கழன்று விழுந்தது. அதற்கு நினைவகம் காரணமில்லை. திருகாணியை முடுக்க மறந்துவிட்டோம்.