கணித ஆசிரியருக்கு எம்.எஸ்சி. எதற்கு?

தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் எந்த அடுப்படியில் கேட்டாலும் இட்லி மாவுக்கு நாலுக்கு ஒன்று என்பார்கள். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. வெயில் காலத்தில் இந்த அளவு தெரிந்தாலே போதும், ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கிவிடும். மார்கழியில் மாவு அப்படியே கிடக்கும். பொங்க வைப்பது மாவிலுள்ள நுண்ணுயிர்கள் விடும் வாயு. அதைப் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. குளிரில் அந்த உயிர்கள் மந்தமாகிவிடும். இது தெரிந்தவர் பாத்திரத்தைக் கதகதப்பான இடத்துக்கு மாற்றுவார். அளவு மட்டும் தெரிந்தவர் உளுந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தடுமாறுவார்.

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்ப்பதும் அப்படி ஓர் அளவுதான். (எண் − 2) × (எண் − 3) = 0 என்றால் விடை 2 அல்லது 3. ஒரு பிள்ளை எழுந்து, "பெருக்கினால் பூஜ்யம் வந்தால் இரண்டில் ஒன்று பூஜ்யமாகத்தான் இருக்கணுமா மிஸ்?" என்று கேட்டால்?

எல்லா இடத்திலும் அப்படி இருக்க வேண்டியதில்லை. கடிகாரத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே 12 என்பதும் 0 என்பதும் ஒரே இடம். 3 × 4 = 12, அதாவது 0; ஆனால் 3, 4 இரண்டுமே பூஜ்யம் இல்லை. அதே சமன்பாட்டில் 6-ஐப் போட்டால் 4 × 3, பூஜ்யம். 11-ஐப் போட்டால் 9 × 8 = 72, முள் ஆறு முழுச் சுற்று சுற்றிப் பூஜ்யத்துக்கே வந்து நிற்கும். ஆக 2, 3, 6, 11 என நான்கு விடைகள்! நம் மார்கழி மாவு இதுதான்: வழக்கமான முறை இங்கே பொங்காது. மெய்யெண்களில் அது பலிப்பதற்குக் காரணம், அங்கே பூஜ்யமல்லாத இரண்டு எண்களைப் பெருக்கிப் பூஜ்யம் வரவே வராது என்பது. இதுபோன்ற பண்புகளைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்வதுதான் வளையக் கோட்பாடு. பி.எஸ்சி.யில் தொடங்குகிற இந்த இயற்கணிதம், எம்.எஸ்சி.யில் கால்வா கோட்பாடு வரை போகிறது. இருபடிக்கு இருப்பதுபோல ஐந்தாம்படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் ஏன் இல்லை என்று அங்கேதான் விளங்கும்.

மாடம்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு எம்.எஸ்சி. கணிதம் தூரத்தில் இல்லை. 1937 முதல் தாம்பரத்தில் இயங்கும் சென்னை கிறித்துவக் கல்லூரியிலேயே இருக்கிறது. பிறகு பி.எட்., அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. அரசுப் பள்ளியில் நேரடியாக முதுகலை ஆசிரியராவதற்கு இதுதான் வழி. இரண்டு பட்டங்களும் தனித்தனியே நடப்பதுதான் குறை. எம்.எஸ்சி. வகுப்பில் பத்தாம் வகுப்புப் பாடத்தைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை, பி.எட். வகுப்பிலோ வளையம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஜெர்மனியின் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் க்ளைன் 1908-லேயே இதைக் கவனித்தார். பல்கலைக்கழகத்தில் நுழைந்ததும் மாணவர் பள்ளிக் கணிதத்தை மறக்கிறார், ஆசிரியரானதும் பல்கலைக்கழகக் கணிதத்தை மறக்கிறார் என்று வருந்தி, பள்ளிப் பாடங்களை மேலிருந்து பார்க்கும் பாடநூலையே ஆசிரியர்களுக்காக எழுதினார். நம் எம்.எஸ்சி. பாடத்திட்டத்திலும் அப்படி ஒரு தாள் கட்டாயமாக வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆசிரியராகப் போகிறவர்களே, ஒவ்வொரு தேற்றம் படித்து முடித்ததும் ஓரத்தில் எழுதிவையுங்கள்: இது எந்த வகுப்பில், எந்தப் பாடத்துக்குக் காரணம் சொல்கிறது?