214,74,83,647: உங்கள் 2038 இஎம்ஐ வரை வந்து நிற்கும் ஒரு பகா எண்

2014 டிசம்பரில் யூடியூப் ஒரு விசித்திரமான சிக்கலில் மாட்டியது. 'கங்னம் ஸ்டைல்' பாட்டை 214 கோடி தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள். வியூஸ் கணக்கில் அதற்கு மேல் எண்ணவே இடமில்லை! அந்த உச்சவரம்பு 2,147,483,647.

ஏன் சரியாக இந்த எண்? பழைய முறையில் ஒரு எண்ணைச் சேமிக்க 32 பிட், அதாவது 32 சுவிட்ச். அதில் ஒன்று ப்ளஸ்ஸா மைனஸா என்று சொல்லப் போய்விடும். மீதி 31-ல் எழுத முடிகிற பெரிய எண், 2-ஐ 31 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. அதுதான் இது.

இது ஒரு பகா எண்ணும்கூட. 1772-லேயே இதை நிரூபித்தவர் ஆய்லர். கம்ப்யூட்டர் கிடையாது, கண் பார்வையும் அவருக்குக் கிட்டத்தட்ட போய்விட்டது. சாதாரணமாகச் செய்தால், வர்க்கமூலமான 46,340 வரை உள்ள எல்லா பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நாலாயிரத்துக்கும் மேல் இருக்கிறது. ஆய்லர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்: இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கும் என்றால், அந்தப் பகா எண்ணை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே ஆக வேண்டும். 311 அப்படிப்பட்டது, 313 கிடையாது, தூக்கிப் போடலாம். இப்படி வடிகட்டினால் 400 வகுத்தல்கூடத் தேவையில்லை. செம இல்ல?

1811-ல் பீட்டர் பார்லோ என்ற கணிதவியலாளர், இதிலிருந்து கிடைக்கும் செவ்விய எண்ணைத் தாண்டி யாரும் தேட மாட்டார்கள், ஏனென்றால் இதெல்லாம் சும்மா சுவாரஸ்யம்தான், பயன் இல்லை என்று எழுதினார். பாவம், 2038 பற்றி அவருக்குத் தெரியாது.

பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை, 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி என்றுதான் எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணுகிற கருவிகளுக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இந்த எண் வந்துவிடும். அடுத்த விநாடி மைனஸ். தேதி 1901 டிசம்பர் 13-க்குத் தாவும்.

'அதுக்கு இன்னும் டைம் இருக்கே' என்கிறீர்களா? 2018-ல் 20 வருட வீட்டுக்கடன் வாங்கியவரின் கடைசி இஎம்ஐ தேதியே 2038-ல் விழுகிறது. வருங்காலத் தேதியைக் கணக்கிடும் மென்பொருள் இந்தச் சுவரில் இப்போதே முட்டலாம்.

உங்கள் கையில் இருக்கும் புது போன் பெரும்பாலும் 64 பிட், பயம் வேண்டாம். 32 பிட் கருவிகளுக்கான திருத்தமும் 2020-ல் லினக்ஸ் 5.6-ல் வந்துவிட்டது. ஆனால் ஒருமுறை மாட்டிவிட்டு யாரும் அப்டேட் செய்யாத ரூட்டர், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி மாதிரியானவைதான் தலைவலி. எங்கே எத்தனை இருக்கிறது என்று தேடித்தான் மாற்ற வேண்டும்.

64 பிட் கடிகாரம் தீர 29,000 கோடி வருடங்களுக்கு மேல் ஆகும். அதன் உச்சவரம்பு பகா எண் கிடையாது, 7-ஆல் வகுபடும்.