இணையப் பொய்த்தகவலும் சட்டத்தின் ஆட்சியும்: 2023 மார்ச் வதந்தி

உண்மையல்ல என்று தெரிந்தே ஒரு நோக்கத்துடன் பரப்பப்படும் செய்தி பொய்த்தகவல் எனப்படும். நம்பிப் பகிர்ந்து ஏமாறுவது வேறு, அது பிழை. ஒரு தரப்பின் கருத்தை மக்கள் மனத்தில் ஏற்றுவதற்காகத் தொடர்ந்து செய்யப்படுவது பரப்புரை. அதில் உண்மையும் இருக்கலாம். இணையத்தில் இம்மூன்றும் கலந்தே வருகின்றன. சிலர் உருவாக்கும் பொய்யைப் பலர் நல்லெண்ணத்தோடு பகிர்வதே அதன் பலம். 2023 மார்ச் மாதம் தமிழ்நாட்டையும் பீகாரையும் கலக்கிய வதந்தி இதற்கு நல்ல சான்று.

தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி சில காணொளிகளுடன் அம்மாத முதல் நாட்களில் பரவியது. இந்தி பேசியதற்காக 12 பேர் தூக்கிலிடப்பட்டதாகக்கூட ஒரு பதிவு கூறியது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு, பரவிய காணொளிகளில் ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கிடையே நடந்த மோதல் என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகளுக்கிடையே நடந்த தகராறு என்றும் விளக்கினார். அதாவது காணொளி உண்மை, அதன் தலைப்பே பொய். தமிழ் தெரியாத ஒருவர் தமிழ்ப் பேச்சுள்ள காணொளியைப் பார்க்கும்போது, தலைப்பில் எழுதியிருப்பதுதான் அவருக்குப் பொருள். எந்த மென்பொருளும் தேவைப்படாத இந்த எளிய உத்தியே இன்றும் அதிகம் பயன்படுகிறது.

இதற்கு முன்பே, அவ்வாண்டு ஜனவரியில், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர் இளைஞர்களை விரட்டுவதாக ஒரு காணொளி பரவி, இங்குள்ளோரின் கோபத்தைத் தூண்டியிருந்தது. இரண்டு மாதங்களுக்குள் அச்சம் எதிர்த்திசையில் திரும்பியது. பொய்க்குத் தரப்பு என்று ஒன்று இல்லை. கேட்பவரின் பழைய சந்தேகமே அதற்கு விளைநிலம்.

வதந்தியின் விளைவு பீகார் சட்டமன்றம் வரை சென்றது. நடக்காத படுகொலைக்காக அங்கே அமளி ஏற்பட்டது. உண்மையறிய நான்கு அதிகாரிகள் கொண்ட குழு தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டது. முதல்வர் மு.க. ஸ்டாலின், பீகார் முதல்வர் நிதீஷ் குமாருடன் தொலைபேசியில் பேசினார். திருப்பூரில் காவல்துறையினர் இந்தியில் அறிவிப்பு செய்தனர். உதவி எண்கள் திறக்கப்பட்டன. அது ஹோலி காலம். வழக்கமாக ஊர் செல்வோரின் ரயில் கூட்டமும் பயந்து ஓடுவோரின் கூட்டமாகவே காட்டப்பட்டது. மக்கள் பிரச்சினைகளைப் பேச வேண்டிய மன்றம் இல்லாத ஒன்றைப் பேசியதும், இரு மாநில நிர்வாகங்கள் அதை மறுப்பதிலேயே நாட்களைக் கழித்ததும் மக்களாட்சிக்கு நேர்ந்த இழப்பு.

இத்தகைய வதந்தி உயிரையும் பறிக்கும் என்பது முன்பே தெரிந்ததே. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் பற்றிய வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கும்பல், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்துக் கொன்றது. விசாரணை, சாட்சி, தீர்ப்பு ஆகிய அனைத்தையும் ஒரு கைப்பேசிச் செய்தி தாண்டிச் சென்றது. அவ்வாண்டு ஜூலையில் கும்பல் கொலைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே செய்தியை முன்னனுப்ப முடியும் எனக் கட்டுப்படுத்தியது.

எனவே 2023இல் காவல்துறை விரைந்து வழக்குகள் பதிந்ததில் நியாயம் உண்டு. தூக்கிலிடப்பட்டதாகப் பதிவிட்டவர் ஒரு வழக்கறிஞர். அவரை மன்னிப்புக் கேட்குமாறு உச்ச நீதிமன்றம் கூறியது. காயம்பட்டவர்களைப் போல நடிக்க வைத்துப் பாட்னாவிலேயே ஒரு காணொளி எடுக்கப்பட்டதாகப் பீகார் காவல்துறை தெரிவித்தது. அவ்வழக்கில் சிக்கிய யூடியூபர் மீது தமிழ்நாட்டில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. அதன்படி ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்கலாம். அந்தத் தடுப்புக் காவல் ஆணையை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. பொய் பரப்பியதற்குச் சாதாரண தண்டனைச் சட்டத்திலேயே பிரிவுகள் இருக்கும்போது, விசாரணையற்ற சிறைவாசத்தை நாடுவது சட்டத்தின் ஆட்சியைக் காக்கப் போய் அதையே சுருக்குவதாகும்.

எது பொய் என்று தீர்மானிப்பவர் யார் என்பதே இதில் கடினமான கேள்வி. இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்ய இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, அது தெளிவற்றது எனக் கூறி 2015இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. நடுவண் அரசு தன் செயல்பாடுகள் பற்றிய செய்திகளைத் தானே சரிபார்க்கும் பிரிவு அமைக்க 2023இல் விதி கொண்டுவந்தது. தன் வழக்கில் தானே நீதிபதியாவது போன்றது அது. அந்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. தமிழ்நாடு அரசும் 2023இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. அதை எதிர்த்தும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது.