பக்கெட்டும் கூடையும் (கோடும் குட்டும் – 17)

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் நான் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் சலூனில், 2017 பிப்ரவரி முதல் வாரம், ஒரு கைபேசி கைமாறிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கேலிப்படம். பரந்த கடல், ஓரத்தில் குள்ளமாக ஒரு ஆள், கையில் பிளாஸ்டிக் பக்கெட். கடலையே மொண்டு காலி செய்யப் போகிறாராம். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள், நானும்தான். கடைக்காரர் மட்டும் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், முட்டிக்கினது ரெண்டு கப்பலு. படத்துல ஒண்ணையும் காணோமே?"

ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே நடந்த மோதல் அது. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிளும், எண்ணெயோடு உள்ளே வந்த டான் காஞ்சிபுரமும் மோதிக்கொண்டன. பெரிதாக ஒன்றும் கசியவில்லை என்றுதான் முதலில் பேச்சு. சில நாளிலேயே எர்ணாவூர்க் கரைப் பாறைகளில் எண்ணெய் தார் போல அப்பிக்கொண்டது. உறிஞ்சும் லாரிகள் வந்தும், கடைசியில் கை கொடுத்தது கைதான். மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கடலோரக் காவல்படையினர் என்று வரிசையாக நின்று பக்கெட்டில் அள்ளினார்கள். நகக்கண்ணில் ஏறிய அந்தக் கறுப்பு எந்தச் சோப்புக்கும் அசையாது.

சலூன்காரரின் கேள்வி எனக்கு ஒரு பழைய படத்தை நினைவூட்டியது. 1831இல் பிரான்சில் ஒனோரே தோமியே வரைந்த 'கர்கான்துவா'. மன்னர் லூயி பிலிப் பானை வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். திறந்த வாயிலிருந்து தரைவரை நாக்குப் போல ஒரு பலகை. அதன் மேல் எலும்பும் தோலுமான ஆட்கள் கூடை கூடையாகக் காசைச் சுமந்து ஏறுகிறார்கள். ஆசனத்துக்கு அடியில் பதவிகளும் பட்டங்களும் கழிவாக விழுகின்றன. அங்கேயும் சுமப்பவன் குள்ளம்தான். ஆனால் அவனைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது. கண் பலகை வழியே நேராக அந்த வாய்க்குப் போய்விடும். கூடையையும் வாயையும் ஒரே சட்டத்துக்குள் வைத்ததில்தான் தோமியேயின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அதற்காக அவருக்கு ஆறு மாதச் சிறை.

நம் ஊரிலும் நடந்ததுதான். 1987 மார்ச் 29 இதழ் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, பிக்பாக்கெட்டையும் முகமூடிக் கொள்ளைக்காரனையும் அடையாளம் சொல்லிப் பதில் வருகிறது. பெயர் எதுவும் இல்லை. அந்த முகங்கள் தங்களுடையவைதான் என்று சட்டமன்றமே முன்வந்து ஏற்றுக்கொண்டது போலாயிற்று! ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்கவில்லை. பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விடுதலை. பிறகு வழக்குப் போட்டு, 1994இல் உயர் நீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார்.

பக்கெட் ஜோக் போட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்து ஒரு தொந்தரவும் வரவில்லை. அதே 2017 நவம்பரில், நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றி வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். எரியும் குழந்தைக்கு எதிரே முதல்வர், ஆட்சியர், போலீஸ் அதிகாரி மூவரையும் நிறுத்தி, பணக்கட்டால் மானத்தை மறைக்க விட்டிருந்தார். அந்தப் படத்தை ரசனைக் குறைவு என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும், நிற்க வேண்டியவர்கள் சட்டத்துக்குள் நின்றார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. மறுபடியும் மீனவர்கள், ஃபைபர் படகில் குனிந்து அள்ளிக்கொண்டு. அந்த மாதம் சலூனுக்குப் போனபோது கடைக்காரர் கேட்டார்: "இந்த வாட்டியாவது எங்கேந்து வந்துச்சுன்னு தெரியுற மாதிரி யாரான்னா வரைஞ்சாங்களா சார்?"

கைபேசியை எடுத்துத் தேடினேன். படகும் பக்கெட்டும்தான் வந்தன.