சுவரில் ஒரு காவல்காரன்

பெண்ணின் பிரசவத்துக்காக மார்கழி மாதத்தில் லண்டனுக்குப் புறப்படும் தாய்மார்களே! பெட்டியில் வடாமும் ஊறுகாயும் பிரசவ லேகியமும் வைத்தாயிற்றா? சந்தோஷம். அவற்றோடு ஒரு சிறு விஷயத்தையும் தெரிந்துகொண்டு போங்கள்.

அந்த ஊர் வீட்டுக் கூடத்திலோ நடையிலோ, சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் எண்கள் போட்ட ஒரு திருகு இருக்கும். புது வீடுகளில் திருகுக்குப் பதில் பொத்தான்கள் இருக்கும். அதன் பெயர் தெர்மோஸ்டாட். வீட்டின் கதகதப்பெல்லாம் அதன் பொறுப்பில்தான் இருக்கிறது.

அங்கே பெரும்பாலான வீடுகளில் காஸில் எரியும் பாய்லர் ஒன்று உண்டு. அதில் காய்ந்த வெந்நீரை ஒரு பம்பு, குழாய்கள் வழியே அறைக்கு அறை அனுப்புகிறது. சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர் என்ற உலோகப் பலகை அந்த வெந்நீரால் சூடாகி, அறையை வெதுவெதுப்பாக்குகிறது. ஆறிய நீர் பாய்லருக்கே திரும்பிவிடும்.

பாய்லர் எப்போது எரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும்? இதைச் சொல்வதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. 20 டிகிரியில் வைத்தீர்களானால், அறை அதற்குக் கீழே குளிர்ந்ததும் பாய்லரை மூட்டிவிடும். 20-ஐ எட்டியதும் நிறுத்திவிடும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் 'டக்' என்று விளக்கு அணைகிறதல்லவா? அதே வித்தைதான்! இரண்டு வித உலோகங்களைச் சேர்த்துச் செய்த பட்டை ஒன்று, சூட்டில் வளைந்து மின்சாரத் தொடர்பைத் துண்டிக்கும். இக்காலத்துக் கருவிகளில் இந்த வேலையை எலெக்ட்ரானிக் உறுப்புகள் செய்கின்றன.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் உபாத்தியாயராக இருந்த வாரன் ஜான்சன் என்பவர், 1883-ல் இப்படி ஒரு மின்சாரக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அது மணி அடித்தால், அடுப்பைக் கவனிக்கும் ஆள் சூட்டைச் சரி செய்வான். இன்றோ மணியும் வேண்டாம், ஆளும் வேண்டாம்!

இனிதான் முக்கியமான விஷயம். "அப்பப்பா, என்ன குளிர்!" என்று திருகை 30-க்குத் திருப்பினால் அறை சீக்கிரம் சூடாகிவிடுமா? ஆகாது. அடுப்பின் திருகைத் திருப்பினால் ஜ்வாலை உயரும். அந்தப் பழக்கத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். தெர்மோஸ்டாட் ஜ்வாலையை உயர்த்தும் திருகு அல்ல. "இதுவரைக்கும் போதும்" என்று எல்லை காட்டும் காவல்காரன். பொதுவாக, 20-ல் வைத்தாலும் 30-ல் வைத்தாலும் அறை ஒரே வேகத்தில்தான் சூடேறும். ஆனால் 30-ல் வைத்தால் 20-ஐத் தாண்டியும் பாய்லர் எரிந்துகொண்டே இருக்கும். காஸ் பில்லைப் பார்த்து மாப்பிள்ளையின் முகம் சுருங்குவது இதனால்தான்!

பணம் போனால் போகட்டும். தொட்டிலில் பேரக் குழந்தை இருக்கிறதே! பச்சைக் குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்று பிரிட்டனின் சுகாதாரச் சேவை சொல்கிறது. அளவுக்கு மீறிய சூடு, தூக்கத்திலேயே சிசு திடீரென்று இறக்கும் அபாயத்தை அதிகமாக்கும். கை கால் சில்லென்றிருந்தால் பதறாதீர்கள். சிசுக்களுக்கு அது சகஜம். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் போர்வையைக் குறையுங்கள். வீட்டுக்குள் குழந்தைக்குக் குல்லாயும் வேண்டாம்.

உங்களுக்குக் குளிர்ந்தால்? ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகத் திருகை ஒரேயடியாக இறக்கிவிடவும் கூடாது. குளிர் காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்ன யோசனை. வயதானவர்களுக்கு அதைவிடச் சற்று அதிகம் தேவைப்படலாம்.

இன்னொன்று. தெர்மோஸ்டாட்டின் மேல் கோட்டை மாட்டாதீர்கள். பக்கத்தில் மேஜை விளக்கையும் வைக்காதீர்கள். தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அது வீடு என்று நினைக்கும். விளக்குச் சூட்டில் ஏமாந்து பாய்லரை நிறுத்திவிட்டால், மற்ற அறைகளில் எல்லோரும் நடுங்க வேண்டியதுதான்!

போன அன்றே பெண்ணிடம் கேட்டு, திருகை எந்த எண்ணில் வைப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். காவல்காரன் தன் வேலையைப் பார்த்துக்கொள்வான். நீங்கள் பேரனைக் கொஞ்சுங்கள்.