குடியை நிறுத்த ஓர் அறை: உதவிக் கூட்டங்களும் நம் உரிமையும்

திருமங்கலத்தில் மதுக்கடைக்கு வழி கேட்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. குடியை நிறுத்த விரும்புபவர் எங்கே செல்வது என்று கேட்டால், நம் அமைப்புகளிலேயே பலரிடம் விடை இல்லை. 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் வழியாக அரசே நடத்திவருகிறது. கடைகளை மூடக் கோரும் போராட்டம் தேவையானது. ஆனால், இன்றிரவு குடிக்காமலிருக்க விரும்பும் தொழிலாளி அந்தப் போராட்டம் வெல்லும்வரை காத்திருக்க இயலாது. வன்கொடுமை வழக்கில் சாட்சியம் அளிக்க வேண்டியவர் குடிநோயால் நீதிமன்றம் வர முடியாமல் போவதையும் நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறு நேரும்போது வலுவிழப்பது ஒரு குடும்பம் மட்டுமல்ல, வழக்கும்தான்.

இத்தகையோருக்கு உள்ள வழிகளுள் ஒன்று, குடியிலிருந்து மீண்டவர்களும் மீள முயல்பவர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டங்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இவற்றுள் பரவலானது. 1957 முதல் இந்தியாவிலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குடியை முற்றாக விட்டிருப்பதில், ஏ.ஏ.வோடு இணைக்கும் சிகிச்சை முறைகள் பிற முறைகளுக்கு இணையாகவோ மேலாகவோ பயனளிப்பதாக அது கூறியது.

கூட்டத்திற்கு முன் மருத்துவம். நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் நேரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் திருமங்கலம் அரசு மருத்துவமனையையோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ அணுக வேண்டும். மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அடங்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு நிறுவனங்களில் இலவச மனநலச் சிகிச்சை பெற அச்சட்டத்தின் 18-ஆவது பிரிவு உரிமையளிக்கிறது. சாதி உள்ளிட்ட எந்த அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்கிறது 21-ஆவது பிரிவு.

கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் அறிய, மருத்துவமனையின் மனநல மருத்துவரையோ ஆற்றுநரையோ கேட்கலாம். 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற டெலி மனஸ் எண்ணும் கட்டணமற்றவை. நேரில் போக இயலாதவர்களுக்கு இணையவழிக் கூட்டங்களும் உண்டு. குடும்பத்தினருக்கென அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில் நடப்பதால், மதுரைக்குச் செல்பவர் திரும்பிவரும் பேருந்தின் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

அங்கே என்ன நடக்கும்? ஒவ்வொருவரும் தம் குடியையும் மீட்சியையும் பற்றிப் பேசுவர். மற்றவர் குறுக்கிடாமல் கேட்பர். பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். பெயரைச் சொன்னால் போதும். உண்டியல் சுற்றிவரும், காசு போடுவது கட்டாயமில்லை. திறந்த கூட்டத்திற்கு யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருவது நம் தோழர்கள் சிலருக்குத் தடையாகத் தோன்றலாம். அவரவர் புரிந்துகொண்டபடி என்றே அங்கு அது சொல்லப்படுகிறது, நம்பிக்கையற்றவர்களும் பங்கேற்கிறார்கள்.

சாதியின் கேள்வி இங்கேதான் எழுகிறது. தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடும் ஊர்களில், பெயரை மட்டும் சொல்வது பாதி மறைப்புதான். 'எந்தத் தெரு?' என்று எவரேனும் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமைப்பின் ஒரே தகுதி விதியை நினைவூட்டலாம். ஒரு குழு ஒத்துவராவிட்டால் வேறு குழுவுக்குப் போகலாம். மருத்துவமனையிலோ பிற பொது இடத்திலோ பட்டியலின, பழங்குடியினர் நுழைவதைப் பிறர் தடுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி குற்றம்.

ஏ.ஏ. தன் மரபுப்படி வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை. வெளியார் நன்கொடையும் பெறுவதில்லை. டாஸ்மாக்கையும் சாதியையும் எதிர்த்து அது பேசாது. அது நம் வேலை. அரசியலற்றது என்று அந்த அறையைப் புறக்கணிப்பதும், அந்த அறை கிடைத்துவிட்டதால் போராட்டத்தைக் கைவிடுவதும் ஒருசேரத் தவறு.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்று. அதைக் காக்கத் தடுமாறும் தோழருக்கு அறிவுரையைவிடத் துணை தேவை. ஒவ்வொரு கிளையிலும் ஒருவராவது அருகிலுள்ள கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் தெரிந்துவைத்திருக்கட்டும். முதல் நாள் வாசல்வரை உடன் செல்லட்டும். அங்கு கண்டவரைப் பற்றி வெளியில் ஒரு சொல்லும் பேசாதிருக்கட்டும். மீண்டும் குடித்துவிட்டு வெட்கத்தோடு வருபவரிடம், அடுத்த கூட்டம் எந்தக் கிழமை என்பதை மட்டும் சொல்லட்டும்.