பாரம் ஏற்றும் தள்ளுவண்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

கல்லும் மேடுபள்ளமும் நிறைந்த நிலங்களில் எருவையும் மண்ணையும் கூடையில் இட்டுத் தலைச்சுமையாகக் கொண்டு செல்வதால் ஆட்கூலி மிகுவதுடன் வேலையாட்களின் கழுத்தும் முதுகும் நலிகின்றன. மாட்டு வண்டியும் டிராக்டரும் புக இயலாத வரப்புகளிலும் தோப்புகளிலும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி மிகவும் பிரயோஜனமுள்ளது. ஆயினும் தொட்டியின் பருமனை மட்டும் கருதி வாங்கப்படும் வண்டிகள் விரைவில் கொட்டகையின் மூலையில் ஒதுக்கப்படுகின்றன. வண்டியின் குணம், சக்கரத்திலும் பாரம் தங்கும் இடத்திலுமே அடங்கியுள்ளது.

இதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். அச்சிலிருந்து கைப்பிடி 120 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 90 கிலோ பாரத்தின் நடுவிடம் அச்சிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருந்தால், தள்ளுபவர் கைகளில் 30 கிலோ எடை விழும். அதே பாரம் 60 சென்டிமீட்டரில் இருந்தால் 45 கிலோவைத் தூக்க நேரும். ஆகையால் தொட்டி சக்கரத்தை நெருங்கி அமைந்த வண்டியே உத்தமம். சீன தேசத்தில் பெரிய சக்கரத்தை நடுவே வைத்து, அதன் இரு மருங்கிலும் சுமை ஏற்றும் வண்டிகள் நெடுங்காலமாக வழங்கி வந்தன. அவற்றில் பாரம் பெரும்பாலும் அச்சின்மீதே தங்கியது.

சிறிய சக்கரம் பள்ளத்தில் ஆழ்ந்து கல்லில் முட்டி நிற்கும். பெரிய சக்கரம் அவற்றை எளிதில் கடக்கும். சுமார் 40 சென்டிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் அகலமுமுள்ள காற்று டயர் இளகிய மண்ணில் அதிகம் புதையாது, அதிர்ச்சியையும் தாங்கும். கருவேல முள் மிகுந்த இடங்களில் பஞ்சராகாத கெட்டி ரப்பர்ச் சக்கரம் ஏற்றது. ஆனால் அதில் குலுக்கல் அதிகம்.

இரு சக்கர வண்டி சமநிலத்தில் எளிதில் சாயாது. கரடான தரையில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் தொட்டி முழுவதும் சரியும். குறுகிய வரப்பிலும் அது செல்லாது. ஒற்றைச் சக்கர வண்டியில் பாதை சாய்ந்திருப்பினும் கைப்பிடிகளைக் கொண்டு தொட்டியைச் சமமாக நிறுத்தலாம்.

விலை பேசுமுன் கவனிக்க வேண்டியவை:

1. கைப்பிடிச் சட்டம் முன்னிருந்து பின்வரை ஒரே குழாயாக இருத்தல் வேண்டும். நடுவில் ஒட்டுள்ள சட்டம் அவ்விடத்தில் முறியக்கூடும்.
2. கால்களுக்கிடையே குறுக்குப் பட்டை இருத்தல் வேண்டும்.
3. வண்டியைத் தூக்கித் தள்ளும்போது கால்கள் தரையில் உரசலாகாது.
4. அதனை ஓட்டப்போகும் ஆளையே அழைத்துச் சென்று, பாரம் ஏற்றித் தள்ளச் செய்து பார்த்தல் நலம்.

கனமான பொருளைத் தொட்டியின் முன்பக்கம் அடுக்குக. வாய்க்காலையோ உயர்ந்த கல்லையோ கடக்கும்போது வண்டியைத் திருப்பிப் பின்புறமாக இழுத்துச் செல்க. அச்சுக்கு அவ்வப்போது எண்ணெய் இடுக. டயரில் காற்றுக் குறைய விடற்க. எரு இறக்கியதும் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் துரு அணுகாது.

விலையில் சிறிது மிச்சம் பிடித்து வாங்கிய தகுதியற்ற வண்டி, அதனைத் தள்ளுபவரின் முதுகெலும்பில் நாள்தோறும் அம்மிச்சத்தை வசூலித்துவிடும். இதனை மனத்திற்கொண்டு வண்டியைத் தேர்ந்தெடுப்பது நிலமுடையோர் கடமையாகும்.